கைச்சக்கரத்துக் கோட்டைத் துல்லியம் என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், வீட்டிலேயே பட்டறை வைத்து இரும்பு, அலுமினிய வேலை செய்யும் பெங்களூரு இளைஞர்களைப் பற்றிக் கட்டுரை வந்திருந்தது. மொட்டை மாடியிலும் கார் நிறுத்துமிடத்திலும் மெஷின் போட்டு, ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் கையில் கிரீஸோடு நிற்கும் பிள்ளைகளின் படங்களைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த வேலை எங்கள் தலைமுறையோடு போய்விடும் என்று நினைத்திருந்தவன் நான்.

ஆனால் அந்தக் கட்டுரையில் இருந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். "0.02 மில்லிமீட்டர் துல்லியம் கொண்ட மில்லிங் மெஷின் இன்று மேஜை மேலேயே வைக்கும் அளவில் கிடைக்கிறது" என்று போட்டிருந்தீர்கள். (மில்லிங் மெஷின் என்பது, டேபிளில் பிடித்த இரும்பைச் சுழலும் கட்டரால் சீவும் மெஷின்.) இதே வரியை ஒரு விளம்பரத்தில் படித்துத்தான் என் அக்கா மகன் போன வருடம் 1,60,000 ரூபாய் கொடுத்து ஒரு மெஷின் வாங்கினான். லக்கரேயில் அவன் வீட்டு மாடி ஷெட்டில் அது நிற்கிறது. அதைச் சரிக்கட்ட நாங்கள் இருவரும் பட்ட பாட்டை உங்கள் வாசகர்கள் தெரிந்துகொண்டால், அடுத்து வாங்குபவர்களில் நாலு பேராவது கடையிலேயே சோதித்துப் பார்த்து வாங்குவார்கள்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா வாணியம்பாடிப் பக்கமிருந்து பின்னி மில் வேலைக்கு வந்தவர். நான் பிறந்ததும் வளர்ந்ததும் ஸ்ரீராமபுரம். ஜாலஹள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 34 வருடம் வேலை. முதலில் ஸ்கிரேப்பர் என்ற கைச்சுரண்டி பிடித்து, மெஷினின் படுகையை, அதாவது பாகங்கள் சறுக்கி ஓடும் தளத்தைத் தேய்த்தேன். கடைசி 11 வருடம், தயாரான மெஷின் வெளியே போகும் முன் டயல் (சிறு அசைவையும் ஊசியால் காட்டும் அளவி) வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. பெங்களூரில் இந்தத் தொழிலுக்கு வயது அதிகம். எச்.எம்.டி. (ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ்) 1953இல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் கம்பெனியோடு சேர்ந்து ஜாலஹள்ளியில் ஆரம்பித்தது. இயந்திரக் கருவிகளுக்கென்றே ஒரு மத்திய ஆய்வு நிறுவனம் 1962இல் தும்கூர் ரோட்டில் வந்தது. மெஷினை எப்படிச் சோதிப்பது என்பது இந்த ஊருக்குப் புதிதே இல்லை. அது தெரிந்தவர்கள் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறோம், அவ்வளவுதான்.

முதலில் அந்த 0.02. மருமகன் வாங்கிய மெஷினில், டேபிளை நகர்த்தும் திருகான லீட் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 2 மில்லிமீட்டர் நகர்த்தும். கைச்சக்கரத்தின் காலரில் 100 கோடு போட்டிருக்கிறார்கள். 2ஐ 100ஆல் வகுத்தால் 0.02. விளம்பரத்தில் இருந்த துல்லியம் இதுதான். இதே காலரில் 200 கோடு போட்டிருந்தால் 0.01 துல்லியம் என்று விற்றிருப்பார்கள். துணிக்கடை அளவுகோலில் மில்லிமீட்டர் கோடு இருப்பதால் துணி மில்லிமீட்டர் சுத்தமாகக் கிழிபடுமா? கோடு எவ்வளவு நெருக்கம் என்பது வேறு. அந்தக் கோட்டுக்குத் திருப்பியபின் கட்டர் உண்மையில் எங்கே நிற்கிறது, வெட்டும்போது எங்கே ஓடுகிறது என்பது வேறு.

மில்லிங் மெஷினில் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, சும்மா இருக்கும்போது அதன் பாகங்கள் ஒன்றுக்கொன்று நேராக, செங்குத்தாக இருக்கின்றனவா. இது துல்லியம். இன்னொன்று, கட்டர் இரும்பில் இறங்கித் தள்ளும்போது அது எவ்வளவு வளைந்து கொடுக்கிறது. ஷாப்பில் ரிஜிடிட்டி என்போம், படிப்புத் தமிழில் விறைப்பு. சர்வதேசச் சோதனை முறையான ஐ.எஸ்.ஓ. 230இன் முதல் பகுதியே, மெஷினைச் சுமையில்லாமல் வைத்துப் பார்க்கும் அளவுகளைப் பற்றித்தான் பேசுகிறது. ஆகவே நாணயமான தயாரிப்பாளர் கொடுக்கும் நாணயமான சோதனைச் சார்ட்டில்கூட விறைப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதை வாங்குபவன்தான் பார்க்க வேண்டும். துல்லியம் கெட்டிருந்தால் பொறுமையும் ஸ்கிரேப்பரும் உள்ளவன் பின்னால் சரிசெய்துவிடலாம். வார்ப்பிலேயே விறைப்பு இல்லை என்றால் யாராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பணம் கொடுக்கும்போதே அதை வாங்கியிருக்க வேண்டும்.

மருமகனுக்கும் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். அதை என்னிடம் பெருமையாகக் காட்டினான். பதினாலு வரி. பதினாலுக்கும் "கிடைத்த அளவு" என்ற கட்டத்தில் 0.01 என்று அச்சடித்திருந்தது. மெஷின் நம்பர் எழுத வேண்டிய இடம் காலி. நான் எத்தனையோ மெஷினுக்குச் சார்ட் எழுதியிருக்கிறேன். பதினாலு அளவும் ஒரே எண்ணாக வந்த மெஷினை என் ஆயுளில் பார்த்ததில்லை. ஒன்று 0.008 இருக்கும், ஒன்று 0.015 இருக்கும், ஒன்று எல்லையில் 0.02 வந்து, அதைத் திரும்பக் கழற்றிப் போட்டு மாட்டியிருப்போம். "கிடைத்த அளவு" என்பது பேனாவால் எழுதுகிற கட்டம். அங்கே அச்சு இருந்தால் யாரும் டயல் வைக்கவில்லை என்று அர்த்தம்.

அவன் என்னைக் கூப்பிட்டதே, "மாமா, செங்கல்லு மாதிரி ஒரு கட்டையை நாலு பக்கமும் மில் பண்ணா ஸ்கொயரே வரமாட்டேங்குது, எனக்கு வைஸ் பிடிக்கத் தெரியலையோ" என்று. கட்டையைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் குறையில்லை. பேரலல் என்ற சம உயரக் கட்டைகளை வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, ஒழுங்காகத்தான் பிடித்திருந்தான். அப்படிப்பட்ட பிள்ளை தன் கையைச் சந்தேகப்பட வேண்டி வந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்றைக்கு நான் எடுத்துப் போனது ஒரு லீவர் டயல், அதைத் தாங்கும் ஒரு மேக்னடிக் பேஸ் (காந்தத் தாங்கி), இடுக்கு அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ், ஒரு டிரை ஸ்கொயர் (மூலைமட்டம்). வழியில், எங்கள் தெரு முனையில் பழைய பேப்பர் எடைபோடும் அண்ணனிடம் அவருடைய கொக்கித் தராசை ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக்கொண்டேன்.

மேக்னடிக் பேஸை டேபிளில் வைத்து, டயல் முனையை, கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் மூக்கில் தொடவிட்டேன். இந்த இடம் முக்கியம். சிலர் பேஸைத் தூணிலேயே ஒட்டி ஹெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு "அசையவே இல்லை" என்பார்கள். வேலைப்பொருள் டேபிளில் இருக்கிறது, கட்டர் ஸ்பிண்டிலில் இருக்கிறது. இவை இரண்டுக்கும் நடுவே ஹெட், தூண், அடித்தளம், டேபிளைத் தாங்கும் சேடில், டேபிள் என்று ஒரு வளையம் சுற்றி வருகிறது. அந்த வளையம் முழுவதும் எவ்வளவு விரிகிறது என்று தெரிய வேண்டுமானால் டேபிளிலிருந்து ஸ்பிண்டிலுக்குத்தான் அளக்க வேண்டும். டயலின் தாங்கு கம்பியும் வளையும். அதனால் முதலில் விரலால் மெல்லத் தட்டிவிட்டு, ஊசி பழைய கோட்டுக்கே வருகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஸ்பிண்டில் மூக்கில் ஒரு நைலான் பட்டையைச் சுற்றி, கொக்கித் தராசை மாட்டி, என் பக்கமாக 20 கிலோ காட்டும் வரை இழுத்தேன். மருமகன் ஊசியைப் பார்த்துச் சொன்னான்: 0.09. விட்டேன். ஊசி திரும்பியது. ஆனால் பூஜ்யத்துக்கு வராமல் 0.03இல் நின்றுவிட்டது. எதிர்ப்பக்கமாகக் கையால் தள்ளினால் மறுபடி பூஜ்யத்தைத் தாண்டிப் போய் நின்றது.

நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் எங்கள் மேஸ்திரி சொல்வார், "ஊசி எவ்வளவு போகுதுன்னு பாக்காதே, திரும்பி வருதான்னு பாரு" என்று. போய்த் திரும்புகிற அளவு வளைவு. போனவிடத்திலேயே நிற்கிற அளவு தளர்வு. இங்கே 0.03 தளர்வு, மீதி 0.06 வளைவு. தளர்வு என்றால் கிப் கட்டை (சறுக்கும் பாகத்தின் இடைவெளியை இறுக்கும் கட்டை), போல்ட், பேரிங் என்று எங்காவது ஆட்டம் இருக்கிறது. அதை எடுத்துவிடலாம். ஹெட் கிப்பின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கால் திருப்பு இறுக்கி, ஹெட்டை மேலும் கீழும் ஓட்டி, மறுபடி இறுக்கினோம். அரை மணி நேரத்தில் தளர்வு அரை டிவிஷனுக்கு (டயலில் ஒரு டிவிஷன் 0.01 மில்லிமீட்டர்) வந்துவிட்டது. வளைவு அப்படியே இருந்தது. 20 கிலோவுக்கு 0.06, அதாவது 60 மைக்ரான்; கிலோவுக்கு 3 மைக்ரான். டேபிளைத் தாங்கும் பாகமே மேலும் கீழும் நகரும் பெரிய நீ-டைப் மெஷினில் இதே மாதிரி இழுத்துப் பார்த்திருக்கிறேன். 20 கிலோவுக்கு ஊசி ஒரு டிவிஷன் தாண்டாது. மேஜை மெஷினிடம் அதை எதிர்பார்க்கக் கூடாதுதான். இருந்தாலும் 110 கிலோ எடையுள்ள மெஷினுக்கு 60 மைக்ரான் எனக்கு அதிகமாகத் தோன்றியது.

எங்கே வளைகிறது என்று தேடினோம். பேஸை அடித்தளத்தில் வைத்து, தூணின் அடியில், நடுவில், மேலே என்று டயலை மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு தடவையும் அதே 20 கிலோ. அடியில் ஒரு டிவிஷன், உச்சியில் நாலு. தூண் தானே வளைந்தால், கீழ்ப்பாதியில் கொஞ்சமாகவும் மேலே போகப் போக அதிகமாகவும் போகும். இது கதவு கீலில் திரும்புகிற மாதிரி அடியிலிருந்தே ஒரே சீராகச் சாய்ந்தது. தூணும் அடித்தளமும் சேரும் மூட்டுதான் குற்றவாளி. பின்பக்க விளிம்பில் ஃபீலர் கேஜை வைத்தேன். 0.05 தகடு வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. அவன் முகம் வாடிவிட்டது.

மறுஞாயிறு ஹெட்டை இறக்கி, தூணைக் கழற்றினோம். மூட்டு முகத்தில் பச்சைப் பெயிண்ட், அதன் கீழே வார்ப்பின் குழிகளை அடைக்கப் பூசிய பட்டி, ஒரு போல்ட் ஓட்டையைச் சுற்றிப் பிசிறு. நாலு போல்ட்டும் முறுக்கித்தான் இருந்தன. ஆனால் இரும்பு இரும்பின்மேல் உட்காரவில்லை. பெயிண்ட்டின் மேலும் மூன்று மேட்டின் மேலும் உட்கார்ந்திருந்தது. பெயிண்ட்டைச் சுரண்டி, சர்ஃபேஸ் பிளேட்டில் (மட்டமான சோதனைத் தட்டில்) நீல மை தடவி, தூணின் அடிமுகத்தை வைத்து எடுத்தால் மூன்று மூலையில் மட்டும் காசு அளவுக்கு நீலம். நான் ஸ்கிரேப்பரை அவன் கையில் கொடுத்தேன். முதல் ஒரு மணி நேரம் கீறல்தான் விழுந்தது. பிறகு கை பழகியது. முழங்கையை இடுப்போடு ஒட்டி, உடம்பால் தள்ளக் கற்றுக்கொண்டான். தேய்க்க, துடைக்க, மை வைக்க, எடுத்துப் பார்க்க. இரண்டு ஞாயிறு போயிற்று. முடிவில் முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நீலம் பரவியதைப் பார்த்து அவன் போனில் படமெடுத்து வைத்திருக்கிறான். அக்கா கீழேயிருந்து சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனாள்.

தூணைத் திரும்ப மாட்டுவதற்கு முன் இன்னொன்றையும் சேர்த்தே சரிசெய்தோம். கழற்றும் முன்பே இரண்டு அளவு எடுத்து வைத்திருந்தேன். ஸ்பிண்டிலில் லீவர் டயலை ஒரு கம்பியில் மாட்டி, 200 மில்லிமீட்டர் வட்டமாக டேபிள்மேல் சுற்றினால், இடம் வலம் வித்தியாசம் 0.02, முன் பின் வித்தியாசம் 0.08. ஹெட் முன்பக்கம் குனிந்திருக்கிறது. இதோடு நிறுத்திவிட்டு ஹெட்டுக்குக் கீழே ஷிம் (மெல்லிய தகடு) கொடுத்து 0.08ஐ ஒழிப்பவர்கள்தான் அதிகம். அங்கேதான் தவறு நடக்கிறது. டேபிளில் டிரை ஸ்கொயரை நிறுத்தி, ஸ்பிண்டிலில் டயலைப் பிடித்து, ஹெட்டையே 150 மில்லிமீட்டர் உயர்த்திப் பார்க்க வேண்டும். எங்களுக்கு 0.06 வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 200க்கு 0.08 என்பதும் 150க்கு 0.06 என்பதும் ஒரே சாய்வு. ஆகவே ஸ்பிண்டில் தூணுக்கு இணையாகத்தான் இருக்கிறது, தூண்தான் சாய்ந்திருக்கிறது. ஹெட்டில் ஷிம் கொடுத்திருந்தால் ஸ்பிண்டில் டேபிளுக்குச் செங்குத்தாகியிருக்கும், ஆனால் ஹெட்டை உயர்த்தி இறக்கும்போதெல்லாம் ஓட்டையின் மையம் நகர்ந்துகொண்டே போயிருக்கும். ஒரு கோளாறை மறைத்து இன்னொன்றை உண்டாக்கியிருப்போம். அடிமுகத்தைத் தேய்க்கும்போதே முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைக் கூடுதலாக எடுத்துச் சாய்வையும் நிமிர்த்தினோம். இப்போது வட்டச் சுற்றில் முன் பின் 0.02.

இந்தச் சாய்வு வேலையில் எப்படித் தெரியும் என்பதையும் சொல்கிறேன். டேபிள் இடம் வலமாக ஓடும்போது ஹெட் முன்பக்கம் குனிந்திருந்தால், முகத்தைச் சமமாகச் சீவும் ஃபேஸ் கட்டரின் ஒவ்வொரு ஓட்டமும் சாய்வாக விழுந்து, பக்கத்து ஓட்டத்தோடு சேருமிடத்தில் ரம்பப்பல் மாதிரி படி நிற்கும். விரல் நகத்தால் தடவினாலே தட்டும். ஹெட் இடம் வலமாகச் சாய்ந்திருந்தால் படி தெரியாது, ஆனால் முகம் நடுவில் குழிந்து போகும். அதை ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். அவனுடைய கட்டையில் நின்ற படியைத்தான் அவன் வைஸ் கோளாறு என்று நினைத்திருந்தான்.

மூட்டுத் தேய்த்து மாட்டியபின் மறுபடி அதே தராசு, அதே 20 கிலோ. 0.035. பாதிக்குக் கொஞ்சம் மேல். இதற்குமேல் குறையாது. மீதி அந்தத் தூணின் சுவர் கனத்திலும் உள்ளே இருக்கும் விலாக்களிலும் இருக்கிறது. வார்ப்பிரும்பு எஃகின் அளவில் ஏறத்தாழப் பாதி விறைப்புதான் உள்ளது. அதன் பெருமை, அதிர்வை உள்வாங்கி அடக்கிவிடுவதில் இருக்கிறது. அதனால் கனமாக வார்க்க வேண்டும். சுவரை மெலிதாக்கிச் சிக்கனம் பிடித்தால் இரண்டும் போய்விடும். தூணுக்குள் எப்பாக்ஸியும் கல் பொடியும் கலந்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வெட்டும்போது அதிர்ந்து எழும் சேட்டர் சத்தம் குறையும், அது உண்மை. ஆனால் தராசில் இழுத்துப் பார்த்தால் ஊசி பெரிதாக மாறாது.

உருளைத் தூண் மெஷின்களைப் பலர் கேலி செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். தடித்த உருளைத் தூண் அதன் எடைக்கு நல்ல விறைப்பு தரும். அதன் குறை வேறு. ஹெட்டை உயர்த்தினால் அது தூணைச் சுற்றித் திரும்பிவிடும், பழைய மையம் போய்விடும். டிரில் போட்டுவிட்டு ஓட்டையை அளவாக்கும் நீளமான ரீமருக்கு மாற்ற ஹெட்டைத் தூக்கினோமென்றால் திரும்ப மையம் பிடிக்க வேண்டும். முக்கால்வாசி வேலையை ஒரே உயரத்தில் முடிப்பவனுக்கு அது போதும்.

லீட் ஸ்க்ரூ சோதனை எளிது. ஸ்லிப் கேஜ் என்ற அளவுக்கட்டைகளை வைத்து டேபிளை 25, 50, 75, 100 என்று நகர்த்திப் பார்த்தோம். 100க்கு 0.05 குறைவாகப் போகிறது. அதை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறான். பேக்லாஷ் (திசை மாற்றும்போது சக்கரம் வெறுமனே சுற்றும் அளவு) 0.15 இருந்தது, அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்தினால் அது அளவில் சேராது. கட்டர் பல் இழுக்கும் திசையிலேயே டேபிளை ஓட்டும் கிளைம்ப் மில்லிங்கில் மட்டும் கட்டர் டேபிளைப் பிடித்து இழுத்துவிடும், கட்டர் உடையும். அங்கே ஜாக்கிரதை வேண்டும். டி.ஆர்.ஓ. (டேபிளோடு ஒட்டிய ஸ்கேலைப் படித்து இடத்தை எண்ணாகக் காட்டும் கருவி) மாட்டினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று விற்கிறார்கள். ஸ்க்ரூவின் பிழையையும் பேக்லாஷையும் அது தீர்க்கும். ஆனால் அது சொல்வது ஸ்கேல் எங்கே நிற்கிறது என்பதைத்தான். டேபிள் கிப்பில் தளர்வு இருந்து டேபிள் கோணலாகத் திரும்பினால், ஸ்கேலுக்கு அது தெரியாது.

கடைசியாக வெட்டிப் பார்ப்பது. எம்.எஸ். (சாதா எஃகு) கட்டை, 12 மில்லிமீட்டர் நாலு பல் எண்ட் மில், ஆழம் 5, பக்கவாட்டில் 0.5. ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு, ஆழத்தையும் பக்கவாட்டு அளவையும் வைத்த சக்கரங்களைத் தொடாமல் அதே இடத்தில் இன்னொரு ஓட்டம். இரண்டாவது ஓட்டத்தில் சிப் (இரும்புச் சீவல்) வரக்கூடாது. வந்தால் முதல் ஓட்டத்தில் கட்டர் அந்த அளவுக்கு ஒதுங்கியிருந்தது என்று பொருள். மூட்டு தேய்ப்பதற்கு முன் இரண்டாவது ஓட்டம் 0.07 எடுத்தது. தேய்த்தபின் 0.05. அப்போதுதான் கவனித்தேன், எண்ட் மில் அதைக் கவ்வும் கோலெட்டுக்கு வெளியே 45 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும், நீளத்தை நீளத்தால் மூன்று முறை பெருக்கி ஏறுகிற கணக்கு அது (2 × 2 × 2). உள்ளே தள்ளி 30 ஆக்கினோம். இரண்டாவது ஓட்டம் 0.03. மெஷினைக் குறை சொல்வதற்கு முன் கட்டரைக் குட்டையாகப் பிடிக்க வேண்டும் என்பதை நானே மறந்திருந்தேன்.

மெஷின் நின்ற ஸ்டாண்ட் மெல்லிய தகடு. அதன் நாலு காலில் ஒன்று தரையைத் தொடவே இல்லை. போல்ட்டை முறுக்கினால் அடித்தளமே முறுக்கிக்கொண்டு டேபிள் ஓட்டம் இறுகியது. சி-சேனலில் வேறு ஸ்டாண்ட் வெல்டிங் செய்து, ஷிம் கொடுத்து உட்கார வைத்தோம். மாடி என்பதால் அதைச் சுவர் ஓரமாக, பீம் போகும் இடத்துக்கு மேலே நகர்த்தினோம்.

இவ்வளவும் முடிந்து இன்றைக்கு அந்த மெஷின் 100 மில்லிமீட்டர் கட்டையை 0.03க்குள் ஸ்கொயராகத் தருகிறது. வீட்டுப் பட்டறைக்கு அது கௌரவமான அளவு. ஆனால் அதற்கு ஆறு ஞாயிறும், 34 வருடம் இதே வேலை செய்த ஒரு மாமாவும் தேவைப்பட்டது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஒருவர் இருக்கமாட்டார். விற்றவரிடம் போன் செய்து மூட்டில் பெயிண்ட் இருந்ததைச் சொன்னேன். "சார், இந்த ரேட்டுக்கு இப்படித்தான் வரும், யாரும் கழற்றிப் பார்க்க மாட்டாங்க" என்றார். இந்த ரேட்டுக்கு மெல்லிய தூண் வரும், ஒப்புக்கொள்கிறேன். மூட்டு முகத்தில் பெயிண்ட் அடிக்காமல் விட என்ன ரேட் வேண்டும்? அதற்குத் தனிப் பெயிண்ட், தனி ஆள், தனி நேரம் செலவாகியிருக்கிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள். டயலையும் மேக்னடிக் பேஸையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். இரண்டும் எஸ்.பி. ரோட்டிலேயே கிடைக்கும். டேபிளில் வைத்து ஸ்பிண்டிலைத் தொட்டு, ஹெட்டை ஓர் உள்ளங்கையால் தள்ளுங்கள். ஊசி போகட்டும், திரும்பி வருகிறதா பாருங்கள். டயல் வைக்க விடமாட்டேன் என்கிற கடையில் பணத்தை எடுக்காதீர்கள். இடமும், கீழ்த் தளமும் இருப்பவர்கள் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சுற்று வாருங்கள். கணினி இயக்கும் சி.என்.சி.க்கு மாறிய சின்னப் பட்டறைகள் பழைய நீ-டைப் மெஷின்களை விற்கின்றன. படுகை நடுவில் தேய்ந்திருக்கும், நடுவில் தளர்ந்தும் இரண்டு முனையில் இறுகியும் டேபிள் ஓடும், த்ரீ-ஃபேஸ் மோட்டாரை வீட்டு மின்சாரத்தில் ஓட்ட வி.எஃப்.டி. என்ற கருவி மாட்ட வேண்டியிருக்கும். ஆனால் டன் கணக்கில் வார்ப்பிரும்பு இருக்கும். தேய்ந்ததைத் தேய்த்துச் சரிசெய்யலாம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஞாயிறு இணைப்பில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். "0.02 மில்லிமீட்டர் துல்லியம் கொண்ட" என்ற இடத்தில் "கைச்சக்கரத்தில் 0.02 மில்லிமீட்டர் கோடுகள் கொண்ட" என்று இருக்க வேண்டும். இனிமேல் இப்படி ஒரு மெஷினைப் பற்றி எழுத நேர்ந்தால், விற்பவரிடம் அந்த மெஷினின் நம்பர் எழுதிய, பேனாவால் நிரப்பிய சார்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். படிக்க யாராவது வேண்டுமென்றால், ஸ்ரீராமபுரத்திலிருந்து உங்கள் அலுவலகத்துக்கு ஒரே பஸ். நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூல்ரூம் தொழிலாளி,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு